கஞ்சித்தொட்டியும் மணற்பலகையும்

வடசென்னையில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்குக் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்னும் பெயர் புதிதன்று. இன்று ஸ்டான்லி மருத்துவமனை என வழங்கும் அப்பெரிய நிலையத்தை நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அப்பெயராலேயே அழைத்தனர். ஏன் அப்பெயர் வந்தது என்று கேட்டறிந்தோர் சிலரே. அவ்வொரு சொல்லுக்குள் ஒரு கொடிய போரும், அதனைத் தொடர்ந்த பஞ்சமும், பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளின் கூட்டமும், அவர்களுக்குத் தொண்டாற்ற முன்வந்த சிலரின் உழைப்பும் அடங்கிக் கிடக்கின்றன. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவ்வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றேன். போற்றுவதற்கு மட்டுமன்று, எண்ணிப் பார்ப்பதற்கும், கேள்வி கேட்பதற்குமே இதனை எழுதுகின்றேன்.

போரும் பஞ்சமும்

1780 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைசூர் மன்னர் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகச் சீமைக்குள் இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப்படை அழிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு பக்கமும் மைசூரார் மறுபக்கமுமாக நின்று நடத்திய போரில் பயிர்கள் எரிந்தன, ஏரிகள் உடைபட்டன, ஊர்கள் பாழாயின. உழவரும் கூலிகளும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு சென்னைப் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தனர். ஐதர் 1782 திசம்பரில் மறைந்தார். ஆயினும் 1784 இல் மங்களூர் உடன்படிக்கை ஏற்படும் வரையில் போர் ஓயவில்லை.

நாட்டுப்புறத்திலிருந்து நெல் வரும் வழி அடைபட்டதால், பட்டணம் கடல்வழி வரும் அரிசியையே நம்பியிருந்தது. அக்காலத்தில் இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட, அலைகளைக் கடந்து மசூலாப் படகுகளில் சரக்குகளைக் கரை சேர்த்தனர் படகோட்டிகள். பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் திரிந்தது. போதாக்குறைக்கு 1782 அக்டோபரில் வீசிய பெரும்புயலில், அரிசியேற்றி வந்து நின்ற கப்பல்கள் பலவும் நம் கடற்கரையோரத்திலேயே சிதைந்தன. கரையில் அரிசி ஒதுங்க, ஊருக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர்.

அந்நாளில்தான், 1782 இல், கறுப்பர் பட்டணத்து மதிலுக்கு வடக்கே, இராயபுரம் செல்லும் வழியில், பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஊர் மணியக்காரரின் பெயரால் அது 'மணியக்காரர் சத்திரம்' ஆயிற்று. மக்கள் வாயில் கஞ்சித்தொட்டி ஆயிற்று. 1799 இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அச்சத்திரத்தை ஒட்டி நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ விடுதி ஏற்படுத்தினார். அதுவே வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. பஞ்சத்தில் ஊற்றிய கஞ்சியே அம்மருத்துவமனையின் அடிக்கல் என்றால் மிகையாகாது.

தஞ்சையில் ஒரு தொண்டர்

அப்போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் தொண்டாற்றிய கிறித்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கிறிஸ்டியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் ஐயர். 1726 இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750 இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தவர் அவர். தமிழைத் தம் மொழியாகவே ஆக்கிக்கொண்டார். திருச்சிராப்பள்ளியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர் பலர் மாண்டபோது, அவர்தம் அநாதைப் பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். பின்னர் தஞ்சையில், போர் வரப்போவதை உணர்ந்து முன்கூட்டியே நெல்லை வாங்கிச் சேமித்து வைத்தார். பஞ்சம் வந்தபோது அதனைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். ஐதர் அலியே இப்பாதிரியாரைத் தடுக்கவேண்டா எனத் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார் என்பர். பகைவரும் மதிக்கும் தொண்டு அது.

ஆயினும் வரலாற்றை எழுதுவோன் குறையையும் கூறக் கடமைப்பட்டவன். ஸ்வார்ட்ஸ் ஐயரின் திருச்சபைகளில் வேளாளக் கிறித்தவர் ஒரு பக்கமும், பறையர் கிறித்தவர் மறுபக்கமுமாகவே அமர்ந்து வழிபட்டனர். காலப்போக்கில் சாதி தானே கரைந்துவிடும் என அவர் நம்பினார், அது கரையவில்லை. அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1833 இல், பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட வேண்டியதாயிற்று. அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டே பலர் வெளியேறினர். பசித்த வயிற்றுக்குச் சாதி பாராமல் சோறிட்ட கையும், பாயில் அமரும்போது சாதி பார்த்தது.

எழும்பூர் இல்லம்

இனிச் சென்னைக்கு வருவோம். போரில் மாண்ட ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் கோட்டையைச் சுற்றி ஆதரவின்றித் திரிந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் இந்நாட்டுப் பெண்கள். கோட்டைக்குள் 1680 முதல் நிற்கும் தூய மரியன்னை ஆலயத்துச் சபையாரும், ஆளுநர் சர் ஆர்ச்சிபால்டு காம்பெலின் துணைவியாரும் ஊக்கம் காட்ட, 1787 இல் பெண் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைந்தது. 1789 இல் ஆண் பிள்ளைகளுக்கு எழும்பூரில் மற்றோர் இல்லம் திறக்கப்பெற்றது. இன்று எழும்பூர் இரயில் நிலையம் இருக்கும் பகுதியில் அந்நாளில் இருந்த சிறுகோட்டையே அவர்களுக்கு வீடும் பள்ளியுமாயிற்று.

அவ்வில்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். 1753 இல் ஸ்காத்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மைந்தராகப் பிறந்தவர். கண்காணிப்பாளர் பதவிக்குரிய ஊதியத்தை அவர் பெற மறுத்துவிட்டார். இது பாராட்டத்தக்கதே. ஆனால் கம்பெனிப் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே வேளையில் குருவாக இருந்து அவர் பெரும்பொருள் ஈட்டினார் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். தொண்டு செய்வோரைத் தெய்வமாக்காமல் மனிதராகவே பார்ப்பது வரலாற்றுக்கும் நல்லது, தொண்டுக்கும் நல்லது.

எட்டு வயது ஆசிரியன்

இல்லத்துப் பள்ளி தொடக்கத்தில் சரிவர நடக்கவில்லை. ஆசிரியர்களுக்கு ஊக்கமில்லை. சிறுவர்கள் எழுத்துக்களைக் கற்கவே மாதக்கணக்கில் இடர்ப்பட்டனர். அந்நிலையில் ஒரு நாள் பெல் குதிரைமீது செல்கையில், திண்ணைப் பள்ளி ஒன்றைக் கண்டார். நம் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிக்கொண்டிருந்தனர். தாளும் வேண்டா, மையும் வேண்டா. தவறினால் கையால் அழித்து மறுபடி எழுதலாம். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை 'மலபாரிகள்' என்று அழைத்தனர். ஆகையால் பெல்லின் எழுத்தில் அது 'மலபார்ப் பள்ளி' எனக் குறிக்கப்பெற்றது. அது நம் ஊர்ப் பள்ளியே.

இல்லத்துக்குத் திரும்பிய பெல், மணலில் எழுதச் செய்து அரிச்சுவடி கற்பிக்குமாறு உதவி ஆசிரியரிடம் கூறினார். அவரோ அது நடவாத காரியம் என்றார். பெல் வேறொரு வழி கண்டார். ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவன், ஒரு சாதாரணப் படைவீரனின் மகன், தான் கற்றதை நன்கு கற்றிருந்தான். அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதை அச்சிறுவன் முடித்துக் காட்டினான். மெல்ல மெல்ல மற்ற வகுப்புகளுக்கும் சிறுவர்களே ஆசிரியரானார்கள். குற்றம் செய்தோரின் வழக்கை விசாரித்துத் தீர்ப்புக் கூறியதும் சிறுவர்களே.

ஆசிரியப் பணியில் பல்லாண்டுகளைக் கழித்த எனக்கு இதில் ஒரு செய்தி மிகவும் உவப்பானது. நம் திண்ணைப் பள்ளிகளில் 'சட்டாம்பிள்ளை' என ஒருவன் இருப்பான். ஆசிரியர் இல்லாத வேளையில் மூத்த மாணவனாகிய அவனே இளையோர்க்குப் பாடம் சொல்லித் தருவான். மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் தாமே எழுதியுள்ளார். சட்டாம்பிள்ளை முறையையும் அவர் இங்கிருந்தே எடுத்தாரா, அன்றித் தேவையால் தாமே கண்டாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எவ்வாறாயினும், அநாதையாய் வந்த பிள்ளை பிறருக்கு ஆசிரியனாய் நிமிர்ந்தான் என்பதே இதில் நாம் காணவேண்டிய பெருஞ்செய்தி. வாங்கும் கையாக வந்தது, கொடுக்கும் கையாக மாறிற்று.

அவ்விளைவு பள்ளியோடு நின்றுவிடவில்லை. 1794 இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் மாணவர் எண்மர். அவர்கள் இவ்வில்லத்துப் பிள்ளைகளே. அந்தப் பள்ளிதான் பின்னர் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. இன்று அக்கல்லூரியில் இடம் பெறுவதைப் பெருங்கனவாகக் கொண்டுள்ள நம் மாணவர்கள், அதன் முதல் வகுப்பில் அமர்ந்தோர் போரில் தந்தையை இழந்த அநாதைச் சிறுவர்கள் என்பதை அறிதல் வேண்டும்.

யாருடைய பிள்ளைகள்?

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். போரில் மாண்டோர் ஐரோப்பியர் மட்டுமா? ஐதர் அலி படையெடுத்த அதே 1780 ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைப் படையில் 'பயனியர்' என்னும் பிரிவு தோற்றுவிக்கப்பெற்றது. வழி வெட்டுவதும், அகழி தோண்டுவதும், கோட்டை மதிலை உடைப்பதும் அவர்தம் பணி. பிற்காலத்தில் 'சென்னைச் சாப்பர்' எனப் புகழ்பெற்ற அப்படையில் நம் சமுதாயத்தார் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். கம்பெனியின் போர்களில் அவர்களும் மடிந்தனர். அவர்தம் பிள்ளைகளும் தந்தையை இழந்தனர். ஆயினும் எழும்பூர் இல்லம் ஐரோப்பியத் தந்தையரின் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. அதன் கதவு இப்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. ஒரே போர், ஒரே சாவு, ஒரே பசி, அநாதைகளோ இருவகை.

இல்லத்திற்குள் இருந்த பிள்ளைகளின் தாய்மாரையும் நினைத்துப் பாருங்கள். தாய்மாரின் பழக்கவழக்கங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெல் கருதினார். ஆகவே பிள்ளைகளை அவர்களிடமிருந்து விலக்கி வளர்ப்பதே நன்று என்பது அவர் கொள்கை. தாய் உயிரோடிருந்தும் அநாதை எனப் பெயர் பெற்ற பிள்ளைகள் அங்கு உண்டு. அத்தாய்மாரின் பெயரையோ கண்ணீரையோ எந்த அறிக்கையும் நமக்குச் சொல்லவில்லை.

மணலெழுத்தின் கதையிலும் இதே முரண்பாடு உண்டு. பெல் கண்ட அத்திண்ணைப் பள்ளியைப் போன்ற பெரும்பாலான பள்ளிகளில் நம் முன்னோரின் பிள்ளைகள் கால்வைக்க இயலவில்லை. 1822 இல் ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் செய்தபோது, பிராமணர், வைசியர், சூத்திரர் எனத் தனித்தனித் தலைப்புகள் இருந்தன. எஞ்சிய இந்துக்கள் அனைவரும் 'பிற சாதியார்' என ஒரே தலைப்பில் அடக்கப்பெற்றனர். அந்த ஒற்றைத் தலைப்புக்குள் நம்மவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லை. நம் காலடியில் கிடந்த மணலே அந்தப் பலகையிலும் கிடந்தது. ஆனால் அதில் எழுத்து வரைய நம் விரலுக்கு உரிமை மறுக்கப்பட்டது.

மணல் கடல் கடந்தது

1796 இல் பெல் தாய்நாடு திரும்பினார். சென்னை இல்லத்தில் செய்த கல்விச் சோதனையைப் பற்றி 1797 இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளி தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்பதே அதன் சாரம். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இலண்டனில் இத்தகைய முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1811 இல் இங்கிலாந்துத் திருச்சபையார் 'தேசியச் சங்கம்' அமைத்துப் பெல்லின் வழியில் நாடெங்கும் பள்ளிகள் திறந்தனர். அங்கெல்லாம் ஏழைக் குழந்தைகள் மணற்பலகையில் விரலால் எழுதிக் கற்றனர். அம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர். 1832 இல் மறைந்த பெல், தம் செல்வத்தில் பெரும்பகுதியாகிய 1,20,000 பவுனைக் கல்விக்கே விட்டுச் சென்றார். அவர் பிறந்த நகரில் 1833 இல் திறக்கப்பெற்ற பள்ளி இன்றளவும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடு விளங்குகின்றது.

இங்கும் ஒரு குறையைக் கூறாமல் இருத்தலாகாது. உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்ட ஏழை மக்கள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தால் அவர்கள் தம் நிலைக்கு மேலாக எண்ணத் தலைப்படுவர் எனப் பெல் பிற்காலத்தில் அஞ்சி எழுதினார். முடிதிருத்துவோர் மகனாய்ப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர், ஏழையின் கல்விக்கு எல்லை வகுக்க முற்பட்டார். குறைந்த செலவில், குறைந்த கல்வி. அதுவே ஏழைக்குப் போதும் என்னும் எண்ணம் அன்றும் இருந்தது. அவ்வெண்ணம் இன்று முற்றும் ஒழிந்துவிட்டது என்று எவரேனும் கூறுவரோ? சட்டாம்பிள்ளை முறை மட்டுமே போதும், தேர்ந்த ஆசிரியர் வேண்டா என்ற நிலையில் அது வெறும் உருப்போடும் பயிற்சியாகவும் தேய்ந்தது. அதனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு அதனைக் கைவிட்டனர்.

நம் கைக்கு வந்த எழுத்து

நம் மக்களுக்குக் கல்வி எவருடைய இரக்கத்தால் மட்டும் வந்ததன்று, கேட்டுப் பெற்றதாகும். இரட்டைமலை சீனிவாசனார் 1891 இல் மகாசன சபையைத் தோற்றுவித்தார்; 1893 இல் இதழ் தொடங்கிக் குரல் எழுப்பினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் தம் இதழால் அறிவூட்டினார். 1894 முதல் ஆல்காட்டுப் பள்ளிகள் திறக்கப்பெற்றன. மிஷன் பள்ளியில் பயின்ற எம்.சி. ராஜா அவர்கள் தாமும் ஆசிரியராய் இருந்து, பின்னர்ச் சட்டமன்றத்தில் நம் பிள்ளைகளின் கல்விக்காக வாதாடினார். தொழிலாளர் நலத்துறையார் நடத்திய 'லேபர் பள்ளி'களில் பயின்ற பெரியோர் பலர் நம் குடியிருப்புகளில் வாழ்ந்தனர்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்குக் கூறுவது பொருந்தும். என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில் நான் திருவொற்றியூரில் பகல் பள்ளியின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளை. கற்றது அங்குக் குறைவு. மாலையில் எங்கள் தெருவிளக்கின் கீழ், பகலெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் பாடம் சொல்வார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிலேட்டு இல்லாத பிள்ளைகளுக்குக் கடற்கரை மணலை முறத்தில் பரப்பி எழுதச் செய்தார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை என் முன் அமர்த்தி, "இவளுக்கு நீதான் வாத்தியார்" என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்தபோதும் என் முதுகு நிமிர்ந்தே இருந்தது. ஜான் பிரிஸ்கனைப் பற்றி நான் பின்னாளில் கல்வியியல் நூலில் படித்தபோது, அவன் எனக்குப் புதியவனாகத் தோன்றவில்லை.

போர் இன்னும் உலகை விட்டு நீங்கவில்லை. 1983 இல் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின், ஈழத் தமிழர் பல்லாயிரவர் இக்கரை சேர்ந்தனர். நம் எண்ணூருக்கு அப்பால் கும்மிடிப்பூண்டியிலும், இப்பக்கம் புழலிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. தந்தை செல்வநாயகம் அவர்களின் மைந்தர் சந்திரகாசன் அவர்கள் 1984 இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஏதிலியர் தாமே ஏதிலியர்க்குத் தொண்டாற்றுவது அதன் நெறி. முகாம்களில் படித்த இளைஞர்களே சிறுவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினர். எட்டு வயதுச் சிறுவன் எழும்பூரில் செய்ததைப் போலவே, இழந்தோர் இழந்தோர்க்கு ஆசிரியராயினர்.

நாம் கொள்ளவேண்டியது

அன்புக்குரிய இளைஞர்களே! இவ்வரலாறு நமக்கு உரைப்பது யாது? பசித்த பிள்ளைக்குக் கஞ்சி வார்ப்பது பெரிது. ஊதியம் பெறாமல் அநாதைக்கு எழுத்தறிவிப்பது அதனினும் பெரிது. அவற்றைச் செய்தோர் எம்மதத்தவராயினும், எந்நாட்டவராயினும், நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். ஆனால் தொண்டின் வாயிலில் நின்று 'இது யார் பிள்ளை?' என்று கேட்கும் வழக்கத்தை நாம் ஒருபோதும் மேற்கொள்ளலாகாது. அக்கேள்வியின் வலி நமக்குத் தெரியும். நம் மாலைப் பள்ளிக்கு எச்சாதிப் பிள்ளை வரினும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளை வரினும், பாயில் இடம் உண்டு என்போம். பிள்ளையை உயர்த்துகின்றோம் என்று சொல்லித் தாயை இழிவு செய்யாதிருப்போம். ஏழைக்கு இவ்வளவு கல்வி போதும் என எவரும் எல்லை வகுப்பின் ஏற்க மறுப்போம். தேர்ந்த ஆசிரியரும் வேண்டும், நல்ல நூலகமும் வேண்டும் என அரசிடம் உரிமையுடன் கேட்போம்.

அதே வேளையில், கற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்காவது சட்டாம்பிள்ளையாக இருப்போம். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் நிற்பது கட்டடத்தால் அன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும் அந்த மாலை ஒரு மணி நேரத்தாலேயே நிற்கின்றது. கஞ்சித்தொட்டி இன்று மருத்துவமனை ஆயிற்று. அநாதை விடுதியின் பிள்ளைகள் அமர்ந்த வகுப்பு பொறியியற் கல்லூரி ஆயிற்று. நம் தெருவிளக்கின் கீழ் விரித்த பாய் நாளை எதுவாகும் என்பது, இன்று அதில் அமர்ந்திருக்கும் உங்கள் கையில் உள்ளது.

சங்கம் நீடு வாழ்க! கல்வி எல்லோர்க்கும் ஆகுக!